மே மாதத்தில் பார்த்த இடம்

என் பெயரில் ஒரு நகர் இருக்கிறது. முடிச்சூரில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். தேவதர்ஷினி நகர். நூற்றுப் பன்னிரண்டு மனைகள், நாலு குறுக்குத் தெரு, முகப்பில் ஒரு வளைவு, வளைவை ஒட்டி ஒரு பூங்கா. என் அப்பா குமரேசன் அந்த மனைகளைப் போட்டபோது எனக்கு மூன்று வயது. எங்கள் ஊரில் அது வழக்கம். நேற்றுவரை நெல் போட்டவர்கள் மனை போட ஆரம்பித்ததும், பெண்டாட்டி பெயரையும் பெண் பெயரையும் எடுத்துப் பலகையில் எழுதிவிட்டார்கள். அம்மா தையல்நாயகிக்கு நகர் போதவில்லை என்று அப்பா அவள் பெயரில் கம்பெனியே வைத்தார். தையல்நாயகி புரமோட்டர்ஸ்.

2015 டிசம்பரில் எனக்கு எட்டு வயது. டிவியில் ஒருவர் படகில் நின்றுகொண்டு, "தேவதர்ஷினி நகரில் கழுத்தளவு தண்ணீர்" என்று சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தபோது வகுப்பில் என் பெயர் 'கழுத்தளவு' என்று ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏழு படி ஏற வேண்டும். எது மேடு, எது பள்ளம் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். போன் வேலை செய்த நேரமெல்லாம் அவர் மாடியில் நின்று, மனை வாங்கியவர்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டே மணி நேரத்துல வடிஞ்சிடும் சார்."

தண்ணீர் பதினோரு நாள் நின்றது. நான் சொல்ல வந்தது வெள்ளத்தைப் பற்றி அல்ல, நான் கல்லூரியில் சேர்ந்த கதை. ஆனால் அப்பாவைத் தெரியாமல் அந்தக் கதை புரியாது.

எனக்கு வியாபாரம் பிடிக்கும். கோடை விடுமுறையில் அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து பழைய பத்திரங்களையும் கிராம வரைபடங்களையும் படிப்பேன். எந்த வாய்க்கால் எந்தத் தெருவாக மாறியது என்று பன்னிரண்டு வயதிலேயே சொல்வேன். இந்தத் தொழிலை எடுத்து, யாரும் என் பெயரைச் சொல்லித் திட்டாதபடி ஒழுங்காக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு பி.பி.ஏ. படிக்கலாம் என்று நினைத்தேன். இதில் அதிர்ச்சியாக எதுவும் இல்லை என்றும் நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

பிளஸ் டூவில் நான் ஃபர்ஸ்ட் குரூப். எடுத்துக்கொடுத்தது அப்பா. மார்க்கும் நன்றாகவே வந்தது. ஃபர்ஸ்ட் குரூப்பில் நல்ல மார்க் வாங்கிய பெண் பி.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் அதைத் துக்கச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கரணை அத்தை போன் செய்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மார்க் கம்மியா வந்துடுச்சாம்மா? வெளியில சொல்ல மாட்டேன்" என்றாள். நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் சித்தப்பா, "டென்ஷன் ஆவாதே, ரீவேல்யுவேஷன் போடலாம்" என்றார். அம்மா மட்டும் நேராகக் கேட்டாள்.

"பி.பி.ஏ. படிச்சவன் நம்ம ஆபீஸ்ல ரெண்டு பேர் கீறான். டீ வாங்கினு வரான். நீ இன்னாத்துக்கு?"

அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தொழிலுக்கு ஒரு வாரிசு. ஆனால் ஊருக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் பி.பி.ஏ.தான் படிப்பாள், ஆனால் சயின்ஸ் பெரிதாக இருக்கிற யுனிவர்சிட்டியில் படிப்பாள். யாராவது கேட்டால் முதலில் யுனிவர்சிட்டி பெயரைச் சொல்லலாம். பெயரைச் சொன்னதும் அவர்களே ராக்கெட் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

தாம்பரத்தில் ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. முதல் பட்டியலிலேயே அங்கே எனக்கு பி.பி.ஏ. சீட் கிடைத்துவிட்டது. என் தோழி ஷர்மிளாவின் அக்கா அங்கேதான் படித்தாள். இரண்டாம் வருடம் பிள்ளைகளை ஒரு பருவம் முழுக்கச் சொந்தமாகக் கடை நடத்தச் சொல்கிறார்கள், நஷ்டம் வந்தால் ஏன் வந்தது என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வைக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த இடம்தான் வேண்டும். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சீட் உறுதி.

அப்பா என்னுடன் அங்கே வந்தார். வணிகத் துறை எங்கே என்று கேட்கவில்லை. நேராக பிசிக்ஸ் லேபுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் முகம் சுருங்கி வெளியே வந்தார்.

"இன்னாம்மா இது, எங்க காலத்துத் தராசு இன்னும் அப்பிடியே கீது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

"பி.பி.ஏ. படிக்கிறவளுக்குத் தராசு எதுக்குப்பா?"

"உனக்குத் தெரியாது. சயின்ஸ் ஸ்ட்ராங்கா கீற எடத்துலதான் எல்லாமே ஸ்ட்ராங்கா இருக்கும்."

தன் டைரியில் அந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே 'தராசு' என்று எழுதிக்கொண்டார். ஐந்து கல்லூரிகளுக்கு அந்த டைரியில் கட்டம் போட்டிருந்தார். லேப் எத்தனை, ஏ.சி. உண்டா, மைக்ராஸ்கோப் எவ்வளவு உயரம். வணிகப் படிப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அப்பா மனை விற்கும் விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் சித்திரை, வைகாசியில் மட்டும்தான் இடத்தைக் காட்டுவார். அப்போது எந்தப் பள்ளமும் பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கும். தாம்பரத்திலிருந்து ஏ.சி. வேன், மத்தியானம் பிரியாணி. வேன் வளைவுக்குள் நுழைந்து பூங்காவில் நிற்கும். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் மனையைக் காட்டுவார்கள். பூங்காவைத் தாண்டி யாரையும் நடத்திக்கொண்டு போகக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். 'இன்று மாலைக்குள் டோக்கன் போட்டால் சலுகை' என்பது கடைசி ஆணி. எண்பத்து நாலாம் நம்பர் மனை எப்படி இருக்கும் என்று எவராவது கேட்டால் அவருக்கு எங்கள் ஆபீஸில் 'பேஜார் பார்ட்டி' என்று பெயர். பள்ளி விடுமுறையில் வேன் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தவள் நான். எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஏ.சி. வேன் வந்து நின்றது. அந்த யுனிவர்சிட்டி அனுப்பியது. பெயரை எழுத மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். வெளிவட்டச் சாலையைத் தாண்டி கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும்.

வேனில் போகும்போதே அப்பா மற்ற பெற்றோர்களுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். "இந்த யுனிவர்சிட்டிக்குப் பின்னாடி எட்டு ஏக்கர் நான்தான் முடிச்சுக் குடுத்தேன். அல்லித் தாங்கல் ஓரம். எருமை படுத்துங்கெடந்த எடம். மண்ணடிச்சு, ஒரு மே மாசம் பார்ட்டியைக் கூட்டினு வந்து காட்டினேன். மெயின் ரோடு ரேட்டுக்குப் போச்சு."

தாங்கல் என்றால், ஏரிக்குப் போகிற தண்ணீர் கொஞ்ச காலம் தங்கிப் போகிற சின்ன நீர்நிலை. அல்லித் தாங்கல் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வந்து படுக்கிற பள்ளம்தான் அந்த எட்டு ஏக்கர். பழைய வரைபடத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

"அங்கே என்னப்பா கட்டியிருக்காங்க?"

"பார்க்கிங்குன்னு சொன்னான். இல்ல, ஃபுட்பால் கிரவுண்டு. நமக்கு இன்னாத்துக்கு?"

வாசலில் ஹேமநாத் என்கிற அட்மிஷன் அதிகாரி கோட் சூட்டில் நின்று எல்லோருக்கும் இளநீர் கொடுத்தார். மே மாத வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வியர்க்காமல் இருப்பது ஒரு திறமைதான். சயின்ஸ் பிளாக் நன்றாக மேடேற்றிக் கட்டப்பட்டிருந்தது. நான் படிகளை எண்ணினேன், பதினாலு. நுழைந்ததும் ஒரு ரோபோ, "வணக்கம், நல்வரவு" என்றது. அப்பா அதற்குத் திரும்ப வணக்கம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. 'நானோ டெக்னாலஜி லேப்' என்று எழுதியிருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் உள்ளே பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. "எவ்ளோ சைலன்ட்டா ஆராய்ச்சி நடக்குது பாரு" என்றார். பூதாகாரமான ஒரு மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கூரையிலிருந்து தொங்கிய செயற்கைக்கோள் பொம்மையைக் காட்டி, "இது மேல போய்ட்டு வந்ததா சார்?" என்று ஹேமநாத்திடம் கேட்டார். "கான்செப்ட் மாடல் சார்" என்றார் ஹேமநாத். அப்பா டைரியில் 'சாட்டிலைட்' என்று எழுதிக்கொண்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், பி.பி.ஏ. வகுப்பு எங்கே நடக்கும்? அதைக் காட்டுங்க."

ஹேமநாத்தின் சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. "பேக் சைடு, மேடம். ப்ராண்ட் நியூ பிளாக். ஃபினிஷிங் ஒர்க் போயிட்டிருக்கு. சேஃப்டி ரீசன்ஸ், இப்போ விசிட்டர்ஸை விட மாட்டோம்."

"தூரத்திலிருந்து பார்க்கலாமா?"

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். வலித்தது. "சும்மா இரும்மா. பேஜார் பண்ணாத" என்று காதோரம் சொன்னார். பூங்காவைத் தாண்டி நடக்க ஆசைப்பட்ட பார்ட்டியாக அன்றைக்கு நான் ஆனேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஹேமநாத் எங்களை ஒரு குளிர்ந்த அறையில் உட்கார வைத்தார். மாலை நாலு மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் ஸ்காலர்ஷிப், நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காது என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். இதே வாக்கியத்தை வாழ்நாள் முழுக்க விற்ற மனிதர். சிரித்துவிட்டு எழுந்துவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன். அப்பா கைப்பையிலிருந்து என் சர்டிபிகேட் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்பா, திங்கட்கிழமை தாம்பரத்துல கொடுக்கணும்பா. ஒரிஜினல் போனா லேசுல திரும்ப வராது."

"அங்க தராசு கீதும்மா."

அவ்வளவுதான். என் சீட் அந்த மேஜையில் செத்தது. எனக்கு அழுகை வந்தது, ஹேமநாத் முன்னால் அழக் கூடாது என்று வெளியே வந்து ரோபோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் கேட்டேன். "வேன், பிரியாணி, நாலு மணி. எல்லாம் உங்க டெக்னிக்தானே? உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா சந்தோஷமாகத் தொடையில் தட்டிக்கொண்டார். "தெரியாம இன்னா? வாசல்ல எளநி குடுத்தப்பவே தெரிஞ்சிடுச்சு. நம்ம ஆளுங்கம்மா! தொழில் தெரிஞ்சவனுங்க. பிசினஸ் கத்துக்கணும்னா இவங்கிட்டதான் கத்துக்கணும்."

ஒரு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. பஸ் எங்களை சயின்ஸ் பிளாக் வாசலில் இறக்கிவிடும். ரோபோ எங்களுக்கு வணக்கம் சொல்லாது, அது பெற்றோர் வரும் நாளில் மட்டும்தான் பேசும். அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம் பின்பக்கம் நடக்க வேண்டும். கான்டீன் குப்பை, ஜெனரேட்டர் எல்லாம் தாண்டி, சரிவில் இறங்கினால் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று. அதற்குப் பின்னால் வரிசையாகப் பனைமரங்கள். அந்தப் பனைமர வரிசையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வரைபடத்தில் அல்லித் தாங்கலின் கரை அது. அப்பா விற்ற எட்டு ஏக்கரில்தான் எனக்கு வியாபாரம் சொல்லித்தரப் போகிறார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், "நான் பார்த்தப்போ காஞ்சு கெடந்துச்சே" என்பார். மழை வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கோபத்தில் செய்ததுதான், அதை மறைக்கவில்லை.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் ஜெனி. பேச்சு கலகலப்பு. என் பெயரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏய், உன் பேர்ல ஒரு நகர் கீது தெரியுமா? அங்கதான் எங்க வூடு. மூணாவது குறுக்குத் தெரு."

"அப்படியா?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது குறுக்குத் தெரு பூங்காவுக்கு ரொம்பப் பின்னால் என்று எனக்குத் தெரியும். அவள் தினமும் மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எனக்கு மீன் வறுவல் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

லேபுக்குள் நாங்கள் ஒரே ஒரு முறை போனோம். செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் வேன் வேனாகக் கொண்டுவந்தார்கள். நானோ லேபில் நிற்க ஆள் இல்லை. ஹேமநாத் எங்கள் வகுப்புக்கு வந்து நாற்பது பேரைக் கூட்டிப் போய் ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோட் கொடுத்தார். "ஜஸ்ட் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துட்டே இருங்க. யாராவது கேள்வி கேட்டா ஸ்மைல் பண்ணுங்க. இன்டர்னல் மார்க் உண்டு." நான் இரண்டு மணி நேரம் அந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். அது மின்சாரத்தில் சொருகப்பட்டிருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஏதோ ஓர் அப்பா, "எவ்ளோ சைலன்ட்டா..." என்று சொல்வது கேட்டது.

வெள்ளைக் கோட்டில் எங்களை எடுத்த போட்டோ அடுத்த வாரம் யுனிவர்சிட்டியின் விளம்பரத்தில் வந்தது. அப்பா அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். 'என் மகள், ஆராய்ச்சியில்' என்று எழுதியிருந்தார். பள்ளிக்கரணை அத்தை போன் செய்து, "நான்தான் அப்பவே சொன்னேனே, ரீவேல்யுவேஷன்ல மார்க் வரும்னு" என்றாள். அதைச் சொன்னது சித்தப்பா. யார் சொன்னால் என்ன, துக்கம் கலைந்தது.

நவம்பரில் மழை பிடித்தது. இடையில் ஒரு நாள் எனக்கு வகுப்பு இல்லை. கொட்டுகிற மழையில் குடையை எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ஷர்மிளாவைப் பார்க்கப் போனேன். அவள் அந்தப் பழைய கல்லூரியில் எனக்குக் கிடைத்த அதே படிப்பில்தான் சேர்ந்திருந்தாள். என்னத்துக்கு இந்த மழையில் வந்தாய் என்று திட்டினாள். சும்மா என்றேன்.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் லீவு விடுவார்கள் என்று பார்த்தால் எங்கள் யுனிவர்சிட்டி விடவில்லை. காலையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து வகுப்புக்குப் போனோம். பதினொரு மணிக்குக் கீழ் அறைகளில் தண்ணீர் ஏறியது, எல்லோரையும் மாடிக்கு அனுப்பினார்கள். ஒரு மணிக்கு முதல் ஐந்து படிகளைக் காணவில்லை. மாடியில் நாங்கள் அறுபது பேர், இரண்டு ஆசிரியர்கள், எங்களோடு மாட்டிக்கொண்ட ஹேமநாத். அன்றைக்கு அவர் கோட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பெற்றோர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

என் போனும் அடித்தது. அப்பா.

"எங்கம்மா கீற? லேப்லயா? லேப்ல இருந்தா பயம் இல்ல, மேடு."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு ஹேமநாத்திடம் நீட்டினேன். அவர் குரலைத் துடைத்துப் புதிதாக எடுத்துக்கொண்டார்.

"சார், குட் ஆஃப்டர்நூன் சார். நத்திங் டு வொரி. எல்லாரும் சேஃப். ரெண்டே மணி நேரத்துல வடிஞ்சிடும் சார்."

நான் எட்டு வயதில் கேட்ட வாக்கியம். அப்படியே ஒரு எழுத்து மாறாமல் வந்தது.

"எந்த பில்டிங்குபா நீங்க?" என்றார் அப்பா.

"பிசினஸ் பிளாக் சார். பேக் சைடு."

"பேக் சைடுன்னா? பனமரம் வரிசையா கீதே, அங்கயா?"

"எக்ஸாக்ட்லி சார். நைஸ் வியூ சார்."

"யோவ்!" அறுபது பேரும் திரும்பினார்கள். "யாருகிட்டய்யா கத வுடற? அது அல்லித் தாங்கல் பள்ளம்யா! அங்க தண்ணி நின்னா பொங்கல் வரைக்கும் வடியாது! ராத்திரிக்கு இன்னும் நாலடி ஏறும்! எனக்குத் தெரியாதா? நான்தான்யா மண்ணடிச்சு வித்தேன்! புள்ளைங்கள அங்கயா உக்கார வெச்சிருக்கீங்க, அறிவு கீதா உங்களுக்கு?"

ஹேமநாத் போனை மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது, ஆனால் அப்போது அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"சார், இதை நீங்க விக்கும்போது எங்க மேனேஜ்மென்ட்டுக்குச் சொல்லலையே சார்?"

அப்பாவின் குரல் இறங்கி வந்தது.

"அது... மே மாசம்யா."

யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் அறையே சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் ஜெனி ஒருத்திதான். போன் திரையில் 'அப்பா' என்று இருந்ததைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"குமரேசன் உங்கப்பாவா?"

"ஆமா."

"எங்கப்பாவுக்கும் மே மாசம்தான் காட்டினாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். நாலு மாதம் அவள் டப்பாவிலிருந்து சாப்பிட்டவள் நான். அப்பாவை நினைத்து வந்த கோபமெல்லாம் திரும்பி என்மேலேயே விழுந்தது.

ஒரு மணி நேரத்தில் அப்பா டிரெய்லர் கட்டிய டிராக்டரில் வந்தார். அதே டிராக்டர், இந்தப் பள்ளத்துக்கு மண் அடித்தது. தலையில் பிளாஸ்டிக் கவர், மடித்துக் கட்டிய வேட்டி. சரிவில் எங்கே மேடு, எங்கே குழி என்று தண்ணீருக்கு மேலிருந்தே தெரிந்தவர்போல் ஓட்டி வந்து படிக்கட்டை ஒட்டி நிறுத்தினார். நாலு நடை அடித்தார். ஒவ்வொரு நடையிலும் பிள்ளைகளைக் கைகொடுத்து ஏற்றினார், ஆசிரியர்களை ஏற்றினார், கடைசிக்கு முந்தின நடையில் ஹேமநாத்தையும் ஏற்றினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசி நடையில் நானும் ஜெனியும் இன்னும் சில பேரும். நான் முன்னால் போய் அப்பாவின் சீட்டுக்குப் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்தேன்.

சரிவு ஏறி சயின்ஸ் பிளாக்கைக் கடந்தோம். பதினாலு படியில் ஒன்றுகூட நனையவில்லை. ஜெனரேட்டர் ஓடி எல்லா விளக்கும் எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் செயற்கைக்கோள் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவரால் அடக்க முடியவில்லை.

"பாத்தியா? சயின்ஸ் பில்டிங்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் அப்பவே சொன்னேன்ல, சயின்ஸ் ஸ்ட்ராங்குன்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜெனி பேசினாள்.

"அங்கிள், தேவதர்ஷினி நகர் மூணாவது குறுக்குத் தெருவுல இந்தத் தடவை எத்தினி நாள் நிக்கும்?"

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் யார் என்று புரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த வாக்கியம் அவர் நாக்கு நுனியில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். பத்து வருடப் பழக்கம்.

"ஒரு வாரம் ஆவும்மா" என்றார். "மேலயும் ஆவலாம். அம்மாவுக்குப் போன் போட்டு சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்தச் சொல்லு. வூட்டாண்ட நானே கொண்டாந்து வுடறேன்."

ஜெனி போனை எடுத்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மெயின் ரோடு வந்ததும் நான் சொன்னேன். "ஒரிஜினலைத் திரும்ப வாங்கிடப் போறேன்பா. ஒரு வருஷம் போனா போகட்டும். அடுத்த வருஷம் தாம்பரத்துல திரும்ப அப்ளிகேஷன் போடறேன். நீங்க கூட வர வேணாம்."

அப்பா தலையாட்டினார். நிஜமாகவே வெட்கப்பட்டார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாகக்கூட இருந்தது எனக்கு. முடிச்சூர் திருப்பத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அங்க லேப் இப்போ எப்பிடி கீது?"

"தெரியாதுப்பா. போன வாரம் மழையில போய் பி.பி.ஏ. வகுப்பைத்தான் பார்த்துட்டு வந்தேன்."